வாசல் கம்பியில் காய்ந்த சிலுவார்

பாச்சை உருண்டை வாசத்தோடு அந்தக் காக்கி சிலுவாரை, பழைய கால்சட்டையை, மேசைமேல் விரித்தேன். மலாக்காவில் புதுப்பிக்கப் போகும் போர் அருங்காட்சியகத்துக்கான கூட்டம் அது. காட்சிகளைத் திட்டமிடும் இளைஞன் குமரன், மீசை வைத்த பொம்மையின் படத்தைக் காட்டினான். "ஆன்ட்டி, உங்க அப்பாவோட சிலுவார இதுக்குப் போட்டா எடுப்பா இருக்கும்."

அப்பாவா? அவர் கடைசிவரை வேட்டிதான் கட்டினார்.

சிலுவார் அம்மாவுடையது. ஜப்பான்காரன் காலத்தில், இந்திய விடுதலைக்காகத் திரண்ட பெண்கள் படையில் துப்பாக்கி பிடித்தவள் அவள். மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, தெருவைப் பார்த்த கம்பியில் காயப்போடுவாள். புளித்த கஞ்சி வாடை வாசலெல்லாம் நிற்கும். மலாயா சுதந்திரம் பெற்ற வருடம் அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்து மறித்தாள்.

"பொம்பள போட்ட சிலுவார ஊரே பாக்கணுமா அண்ணி? பின்னால கொண்டு போய்க் காயப்போடுங்க."

அம்மா கம்பியை இன்னும் இழுத்துக் கட்டினாள். "அடுப்படிக்குப் பின்னால ஒளிச்சு வைக்கவா நான் துப்பாக்கி தூக்குனேன்? ஊர் நல்லா பாக்கட்டும்."

சாயங்காலம்வரை சிலுவார் காற்றில் கால் வீசிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அத்தை அன்று வாசல் பக்கமே வரவில்லை.

நான் படத்தைக் குமரனிடமே தள்ளினேன். "மீசைய எடுத்துட்டு ரெட்டைச் சடை பின்னுங்க தம்பி. எங்கம்மா பேர எழுதி முன்வாசல்ல நிறுத்துங்க. முடியாதுன்னா சொல்லுங்க, வீட்டுக்கே கொண்டு போறேன். எங்க வாசல்ல அந்தக் கம்பி இன்னும் இருக்கு."