வாப்பாவின் நகத்துக்கடியில் ஒரு நீலப் புள்ளி

வாப்பாவின் வலது பெருவிரல் தையலைப் போன வியாழன்தான் பிரித்தார்கள். மூன்று மாதம் முன்பே பிரித்திருக்க வேண்டியது. பிந்தியதற்குக் காரணம் — படித்த மகனாகிய நான்.

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு கஷ்டம். தந்தி வந்தாலும் அவன்தான் வாசிக்க வேண்டும். தடிமன், சளி வந்தாலும் அவன்தான் மருந்து சொல்ல வேண்டும். 'தெரியாது' என்று சொன்னால் படிப்புக்கு என்ன மரியாதை?

"நகத்துக்குள்ள குத்துது மனே" என்று வாப்பா வந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "நகச்சுத்து வாப்பா. தேசிக்காயைச் செருகுங்க."

எலுமிச்சம்பழத்துக்குள் விரலைச் செருகினார்... மூன்று மாதம்!

பள்ளிவாசலில் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்தே பகிடி பண்ணினார்கள். "என்ன காக்கா, விரலை ஊறுகாய் போடுறீங்களா?"

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன் கை, முகம் கழுவி வுழூ செய்யத் தேசிக்காயைக் கழற்றுவார். பச்சைத் தண்ணீர் பட்டதும் அலறுவார். உம்மா சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தா. "புது மாப்பிள்ளையா வந்தப்பகூட இந்தக் கவனிப்பு இல்ல உங்களுக்கு!"

மூன்று மாதம் கழித்துத்தான் நகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நகச்சுத்து என்றால் சிவக்கும், வீங்கும், சீழ் வைக்கும். இதில் ஒன்றுமே இல்லை. நகத்துக்கடியில் சின்னதாக ஒரு நீலப் புள்ளி. அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் வாப்பா."

"போனா விரலை வெட்டிப் போடுவானுகள். பெருவிரல் இல்லாம மண்வெட்டிய எப்பிடிப் புடிக்கிற? வயலை நீயா பார்க்கப் போறாய்?"

"தேசிக்காயை நம்பினீங்க, டாக்குத்தரையும் ஒருக்கா நம்புங்களேன்" என்றா உம்மா.

டாக்டர் தேசிக்காயைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குண்டூசியின் கொண்டையால் நகத்தை அங்கங்கே அழுத்தினார். வாப்பா சும்மா இருந்தார். நீலப் புள்ளியில் வைத்தார் — கதிரையை விட்டே துள்ளிவிட்டார்!

"நகத்துக்கடியில சின்னக் கட்டி. குளிர் பட்டா வலிக்கும். பெரும்பாலும் பொல்லாதது இல்ல. எடுத்துவிடலாம். விரலை வெட்ட மாட்டம், அது உங்களுக்குத்தான் ஐயா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நகத்தில கறுப்புக் கோடு விழுந்து அகலமானாலும், நகத்தோரத்தில ஆறாத புண், வளருற முளை எது வந்தாலும் உடனே காட்டணும் தம்பி. எத்தனை நாளா இந்தத் தேசிக்காய்?"

மேசையிலிருந்த தேசிக்காயை மெல்ல எடுத்துச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

விரலை மட்டும் விறைக்க வைத்துக் கட்டியை எடுத்தார்கள். மிளகளவுகூட இல்லை. தையல் பிரித்த அன்று சோதனை முடிவும் வந்தது — பயப்பட ஒன்றுமில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கை கொடுத்தவர்களை வாப்பா இலேசில் விடவில்லை. ஒவ்வொரு நகமாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒருவரின் நகத்தில் ஏதோ கறுப்பு.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ட மகனிட்ட மட்டும் கேட்டுராத!"