கையுறைக்குள் விழுந்த பந்து

மதிய வெயிலில் கல்லூரி மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்து பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன். ஆளுக்கொரு தோல் கையுறை. அப்படியும் பந்தைக் கோட்டை விட்டார்கள். கடைசியில் ஒருவன் பிடித்தான். ‘தப்’பென்ற அந்தச் சத்தத்தில் என் பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

வேகவதி ஆற்று மணலில் கார்க் பந்தை நாங்கள் வெறுங்கையால்தான் பிடிப்போம். உள்ளங்கை வெடித்துச் சொரசொரத்துவிடும். அந்தக் கையோடு ஒருநாள் அப்பாவின் தறியில் உட்கார்ந்து நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலைத் தொட்டேன். பட்டு இழை தோலில் சிக்கி அறுந்தது. அப்பா என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“கையாடா இது, தேங்கா நாரு! எயுந்துரு. இத்த வச்சிக்கினு இனிமே தறிப் பக்கம் வராத.”

அன்று எழுந்தவன், இன்றுவரை எங்கும் நிலையாக உட்காரவில்லை.

“செம கேட்ச் இல்லண்ணா?” என்றான் பக்கத்திலிருந்த மாணவன்.

“உறைய மாட்டிக்கினு கைய வயவயன்னு வச்சிக்கினு இருக்கான்பா,” என்றேன். “பட்டு நெய்யத்தான் லாயக்கு.”