மகளை டெக்சஸில் விட்டுவிட்டு வரச் சொன்ன கோடை

தாய்லாந்தின் வடக்கு மலைகளில், ஆக்கா என்ற பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில் நாங்கள் ஊழியம் செய்துகொண்டிருந்தோம். என் கணவர் வேதாகமக் கல்லூரியில் படித்தவர். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்த ஊருக்குப் போனபோது எங்கள் மகள் கைக்குழந்தை. அவளுக்கு ஒன்பது வயதானபோது, எங்களுக்காக ஜெபித்துவந்த குடும்பங்களைப் பார்க்க டெக்சஸுக்கு வந்தோம். அது தொண்ணூறுகளின் பின்பாதி. டல்லாஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் என் கணவரின் அண்ணன் வீட்டில் தங்கினோம். நான் அத்தான் என்று கூப்பிடும் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அவர்கள் மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டான். அவன் அறைக்கு அக்கா புது வண்ணம் அடித்து, சின்னக் கட்டில் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். அது எதற்கென்று வந்த சில நாட்களிலேயே தெரிந்தது.

"பிள்ள இங்க இருந்து ஸ்கூலுக்குப் போகட்டும். அந்த மலையில அவளுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?" என்றார் அக்கா.

நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னக் கணக்கு வந்ததும் எனக்கே தடுமாறியது. அதனால் அக்கா சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் கணவர் ஜெபம் பண்ணிப் பார்ப்போம் என்றார். நான் சும்மா இருந்தேன். பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க, அவள் இல்லாமல் அந்த மலைப்பாதையில் ஏறுவதை நினைத்து இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

நான் கூச்ச சுபாவக்காரி. சபையில் கடவுள் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுப்பினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மலை ஊரில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அங்கே எந்த வீட்டுக்கும் சொல்லாமல் போகலாம். வீட்டில் பெண்களுக்கென்று உள்ள பக்கத்துப் படியில் ஏறி அடுப்படியில் உட்கார்ந்தால் மூங்கில் குவளையில் தேநீர் வரும். குடிக்காமல் எழுந்து வந்தால் அந்த வீட்டுக்காரர் மனம் வருந்துவார். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆவிகளைத் தடுக்க ஊர் எல்லையில் நிறுத்திய மரவாசலை அந்நியர் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். நாங்களும் அத்தனை வருடமும் கையை ஒடுக்கிக்கொண்டே அதைக் கடந்து போவோம். அங்கே ஜெபத்துக்கு வந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். தேநீர் கொடுத்த குடும்பங்களோ ஊர் முழுவதும். என் மகள் அந்த வீடுகளில்தான் வளர்ந்தாள். காலையில் போனால் பொழுது சாயும்போது வருவாள், முதுகில் யார் வீட்டுக் குழந்தையாவது இருக்கும். அங்கே பெண்பிள்ளைகள் கைக்குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டுதான் விளையாடுவார்கள்.

ஒரு மதியம் அக்கா வேலைக்குப் போயிருந்தார். ஆண்கள் இருவரும் யாரையோ பார்க்க டல்லாஸுக்குப் போயிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, வெளியே போய்வருகிறேன் என்று ஆக்கா பேச்சில் சொன்னாள். சரி என்றேன். மலை ஊரில் தினமும் சொல்லும் அதே சரி.

துணி முழுவதும் மடித்து முடித்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது. கதவைத் திறந்தால் அனல். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே புல்தரை, ஒரே மாதிரி மூடிய கதவு. பிள்ளைக்கு அந்த வீட்டின் எண்கூடத் தெரியாது.

அந்நியர் வீட்டு மணியை நான் அதுவரை அடித்ததே இல்லை. அன்று அடித்தேன். முதல் வீட்டில் யாரும் இல்லை. அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் வந்தார். ஆங்கிலம் வரவில்லை, கையால் அவள் உயரத்தைக் காட்டி, "மை டாட்டர்" என்றேன். அவர் பார்க்கவில்லை என்று தலையசைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவின் ஒரு பக்கம் தேடப் போனார். நான் மறுபக்கம் ஓடினேன்.

அப்போது அக்காவின் கார் வந்தது. நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு நடுத்தெருவிலேயே நிறுத்தி இறங்கினார். மகளைக் காணவில்லை என்றேன்.

"ஐயோ, யார் வீட்டுக்குள்ளயாவது நுழைஞ்சிட்டாளா? இங்க கேக்காம உள்ள போனா துப்பாக்கிய எடுத்துருவாங்க. இரு, நான் போலீஸுக்குக் கால் பண்ணுதேன்."

அவர் கைப்பையில் போனைத் தேடும்போது, மூன்று வீடு தள்ளிப் பாதி திறந்திருந்த ஒரு கராஜிலிருந்து பாட்டு கேட்டது. ஆக்கா பெண்கள் குழந்தையைத் தூங்கவைக்கும் ராகம். அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காதான் முன்னால் போய்க் கூப்பிட்டார். தலை கலைந்த ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்து, சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் என் மகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்றாள். பெரிய குளியல் துண்டு ஒன்றால் முதுகில் கட்டப்பட்டு, ஒரு வெள்ளைக்காரக் குழந்தை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். குழந்தை மூன்று நாளாக அழுதுகொண்டே இருந்ததாம். கராஜ் வழியாக ஒரு சிறுமி உள்ளே வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாளாம். என்ன செய்வதென்று தெரியாமல் இந்தப் பெண் ஜூஸ் கொடுத்தாளாம். குடித்து முடித்ததும் சிறுமி எழுந்து குழந்தைக்குக் கை நீட்டினாளாம். "நாளைக்கும் அனுப்புவீங்களான்னு கேக்கா" என்று முடித்தபோது அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஏன் அங்கே போனாய் என்று மகளிடம் கேட்டேன். குழந்தை அழுதது, கதவு திறந்திருந்தது என்றாள். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததையெல்லாம் கேட்ட அத்தான், இதற்குத்தான் பிள்ளை சீக்கிரம் பள்ளியில் சேர்ந்து இந்த ஊர்ப் பழக்கத்தைக் கற்க வேண்டும் என்றார். "அப்போ திங்கக்கிழம போய் ரெஜிஸ்டர் பண்ணிருவோமா?"

"வேண்டாம் அத்தான். பிள்ள எங்ககூடயே வரட்டும்."

சொன்னது நான்தான். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத முதல்லயே சொல்லக்கூடாதா? ஒனக்குச் சம்மதம்னுல்லா நெனச்சேன்."

"நீங்க ஜெபம் பண்ணிப் பாப்போம்னீங்க."

"நீ வாயத் தொறக்கணும்னுதான் ஜெபம் பண்ணுனேன்."

"நல்ல ஜோடி போங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஆசதான், இல்லன்னு சொல்லல. ஆனா இங்க கதவப் பூட்டிப் பூட்டித்தான் இவள வளக்க முடியும். அது பாவம். நீ கூட்டிட்டுப் போ."

அத்தான் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு ரசம் கேட்டார்.

பள்ளி திறந்த அன்று மஞ்சள் பஸ் தெருமுனையில் வந்து நின்றது. பெரிய பைகளோடு பிள்ளைகள் ஏறினார்கள். என் மகள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிப் போனது. இழுக்காதீர்கள் அம்மா, வலிக்கிறது என்றாள். கையைத் தளர்த்தி, மெதுவாகப் பின்னி முடித்தேன்.