கார் திரும்புகிற இடம்

விழுப்புரம் ரயிலடிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் பெரியம்மா நின்றிருந்தாள். ரிசீவரைக் காதில் ஒட்டவைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கோவில்பட்டி வரைக்கும் வாயாலேயே எட்டிவிடலாம் என்பதுபோல் சத்தமாகப் பேசுவாள். அதனால் மறுமுனையில் இருப்பவர் சொல்வது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும். அவள் சொல்வதோ வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும். தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்க, முன்பின் பார்த்திராத ஒரு மனிதரிடம் அவள் கேட்டாள்: "ஐயா, உங்க வண்டியில எப்பனா சாவு ஏத்திக்கினு போயிருக்கீங்களா?"

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பழைய கார் வாங்குகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இன்ஜின் வேலை பார்த்ததா, டயர் எப்படி என்று கேட்பார்கள். பெரியம்மா மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. காருக்கு நான்கு சக்கரம் உண்டு, ஐந்தாவது ஒன்று பின்னால் ஒளிந்திருக்கும் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விழுப்புரத்தில் ஒரு கன்னியர் மடத்தில் தங்கிச் சமையல் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். தொண்ணூறுகளின் நடுவில் அதே மடத்து விடுதியில் தங்கி நான் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். மடத்தில் ஒரு கார் இருந்தது. சிஸ்டர்கள் அதில் போவதையும் வருவதையும் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, பெரியம்மா எந்தக் காரிலும் ஏறியதில்லை. அப்படிப்பட்டவள் கார் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு மதகு.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் சாலையில், கிளியனூர் பக்கம், கொஞ்சம் உள்ளடங்கி இருக்கிறது. ஊரைத் தாண்டி எங்கள் காலனிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மதகு. வாடகைக் கார்கள் எல்லாம் அந்த மதகோடு நின்றுவிடும். பிரசவ வலியோடு ஒருத்தி இருந்தாலும் சரி, கல்யாணப் பெண் இருந்தாலும் சரி, அங்கே வரைக்கும் நடந்துதான் வரவேண்டும். டிரைவர்கள் யாரும் உண்மையான காரணத்தைச் சொல்லமாட்டார்கள். "உள்ள வண்டி திருப்ப எடமில்லீங்க" என்பார்கள். எல்லா டிரைவர்களுக்கும் அந்த ஒரே வாக்கியம்தான். மாட்டு வண்டியும் டிராக்டரும் வந்துபோகிற தெருவில் கார் மட்டும் திரும்பாது என்பதை நாங்களும் நம்புவதுபோலவே தலையாட்டிக்கொள்வோம்.

ஓர் ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம். பூ ஜோடித்த கார் மதகில் நிற்க, அவள் வெள்ளைப் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தாள். குடை பிடித்துக்கொண்டு கூடவே போனது பெரியம்மா. மாதா கோயிலில் எடுத்த போட்டோவில் எல்லாம் அந்தப் பெண் புடவையின் கீழ்ப்பாகத்தைக் கையால் மறைத்துக்கொண்டே நிற்பாள். அன்று வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பெரியம்மா சொன்னது ஒரே வார்த்தைதான். எங்கள் வீட்டுப் பெண் வாசலில் கார் ஏறவேண்டும். என் அக்காவுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது, ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்.

அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்ட ஆள் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு வாடகைக்கு விட்டால் பிழைப்புக்கும் ஆகும் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு பழைய கார்களைப் போய்ப் பார்த்தார். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு கேள்வி வரும். பதில் சொன்னதும் வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். அப்படி விற்றுப்போன கார்களில் ஒன்று மாதக்கணக்கில் அதே இடத்தில் தூசு படிந்து நின்றதை, லாரியில் போகும்போதெல்லாம் அப்பா பார்த்திருக்கிறார். அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. பெரியம்மாவுக்கு விடவில்லை. "கிட்ட இருக்கிறவன் நம்மளப் பாக்கறான். தூரத்துல இருக்கிறவன் போன்ல இன்னாத்தப் பாப்பான்?" என்றாள். மடத்தில் கிடந்த பழைய பத்திரிகைகளில் வரி விளம்பரங்களை எழுத்துக்கூட்டிப் படித்தவள் கடைசியில் கண்டெடுத்ததுதான் கோவில்பட்டி அம்பாசடர்.

விற்கிறவர் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். பொறுமையான மனிதர். இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றார். பின்னால் இடதுபக்கக் கண்ணாடி இறங்காது, எத்தனை தடவை பார்த்தும் சரியாகவில்லை என்றார். கன்றுக்குட்டியைப் பின் சீட்டில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறேன், வாடை முழுக்கப் போகாது என்றார். அதற்குப் பிறகுதான் பெரியம்மா அந்தச் சாவுக் கேள்வியைக் கேட்டாள். சிவப்பு எண்கள் மட்டும் ஓடின. பிறகு, "ஏத்தியிருக்கேன் தாயி. என் வீட்டுக்காரியை மதுரை ஆஸ்பத்திரியில இருந்து இந்த வண்டியிலதான் கொண்டாந்தேன்" என்ற குரல் கேட்டது. பெரியம்மா போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெரிய சண்டை. கல்யாணப் பெண் ஏறுவதற்குப் பிணம் ஏற்றிய வண்டியா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அம்மா பக்கம்தான். பெரியம்மா மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நமக்குத் தெரியவா போவுது? வண்டி வித்தா போதும்னு நெனைக்கிற ஆளு இதச் சொல்லுவாரா? கண்ணாடி இறங்காதுன்றதும் நெசம், இன்ஜின் நல்லாருக்குதுன்றதும் நெசம். நான் இதத்தான் வாங்கப் போறேன்." கண்ணால் பார்க்காத வண்டிக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை. அம்மா அடுத்த இரண்டு ஞாயிறும் அவளோடு பேசவில்லை.

ஆனால் பெரியம்மாவுக்கு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. அவர் தன்னுடையதைச் சொல்லிவிட்டார், நாம் நம்முடையதைச் சொல்லவில்லையே என்பதுதான். சொல்லாமல் இருப்பதற்காகத்தானே தூரத்தில் தேடினோம் என்று நான் சண்டை போட்டேன். சொன்னால் இந்தக் காரும் விற்றுப்போய்விடும், அக்காவும் சேற்றில் நடக்கவேண்டியதுதான் என்று பயமுறுத்தினேன். காதிலேயே வாங்காமல் திரும்பவும் பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றும் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். குரலைத் தாழ்த்திப் பேசு என்று நான் சொன்னதற்கும் பலனில்லை.

"ஐயா, நீங்க ஒளிக்காம சொன்னீங்க. நானும் சொல்லிட்றேன். நாங்க காலனி ஆளுங்க. வாடகைக் காருங்க எங்க தெருவுக்குள்ள வராது, மதகாண்டயே நிப்பாட்டிடுவாங்க. எங்க பொண்ணு கல்யாணத்துக்கு வாசல்ல ஏறணும்னுதான் வாங்கறோம். உங்களுக்குச் சங்கடம்னா இப்பவே சொல்லிடுங்க."

வெளியே பேச்சு நின்றுபோய் எல்லோரும் கூண்டையே பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில் அவர் கேட்டார்: "தெருவுக்குள்ள வண்டி திருப்ப எடம் இருக்கா தாயி?"

பெரியம்மாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட அதே வாக்கியம் கோவில்பட்டியிலிருந்தும் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். ரிசீவரை வைக்கப் போனாள். அதற்குள் அவர் மேலே சொன்னார்: "நானே ஓட்டிட்டு வரலாம்னு இருக்கேன். எடம் இல்லைன்னா மதகுல இருந்து ரிவர்ஸ்லயே வாசலுக்குக் கொண்டாந்துருவேன். அதுக்குத்தான் கேக்கேன்."

"கேட்டுச் சொல்றேங்க ஐயா" என்று மட்டும் சொல்ல முடிந்தது அவளால். வெளியே வந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ரயிலடி வாசலில் நின்றுகொண்டு, "நம்ம தெருவுல அம்பாசடரு திரும்புமாடி?" என்று என்னைக் கேட்டாள். இத்தனை வருஷம் திரும்பாது என்று பிறர் சொன்னதற்குத் தலையாட்டினோமே தவிர, திரும்புமா என்று நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

பார்த்தோம். தெருக்கோடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே கொஞ்சம் நெருக்கித்தான் இருந்தது. பெரியம்மா முதல் வேலையாகத் தான் குளிக்கிற ஓலை மறைப்பைப் பிடுங்கிப் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் ஆட்டுக் கொட்டகையைப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டார். சேற்றில் நடந்து கல்யாணம் செய்துகொண்டாளே, அந்தப் பெண்ணின் அப்பா வேலியை எடுத்து, பள்ளத்துக்கு மண் கொட்டினார். அப்பா லாரி ஓட்டுகிறவர், பார்த்தவுடனேயே போதும் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் தெருக்காரர்களுக்குத் திருப்தி இல்லை. ஒரு மாட்டு வண்டியைக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தார்கள். அது அலுங்காமல் திரும்பியபோது கார் வந்துவிட்டது போலவே கைதட்டினார்கள்.

பணத்தை டிராப்ட் எடுத்து அனுப்பினோம். வழியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பிற்பகல் டாக்டர் வந்து சேர்ந்தார். மதகில் டீக்கடைக்காரர், எல்லோரும் இங்கேயேதான் நிறுத்துவார்கள் என்று சொல்லியிருக்கிறார். "நான் ஏற்கெனவே விசாரிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே வந்துவிட்டார். வெளுத்த க்ரீம் நிறம், முன்பக்கம் ஒரு சொட்டை. தெருக்கோடி வரை வந்து, இரண்டு முறை முன்னும் பின்னும் வெட்டி, காரைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார். ஒல்லியான மனிதர், வேட்டி சட்டை. பெரியம்மா பயிற்சி செய்துவைத்திருந்த வரவேற்பு வார்த்தைகளைத் தொடங்கினாள். அவரோ இரண்டு வீடு தள்ளி நின்றிருந்த ஒரு பசுவைப் பார்த்து, "அது ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே நடந்துவிட்டார். அதன் குளம்பில் தைத்திருந்த முள்ளை எடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

பெரியம்மா பின் கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கைகழுவ அவர் எழுந்து வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அவங்க பேரு இன்னா ஐயா?" தன் மனைவியின் பெயரை அவர் சொன்னார். அன்று மாலை அப்பா ஓட்ட, விழுப்புரம் ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டோம். இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை என்று சொல்லி, அந்த இறங்காத கண்ணாடிப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

அக்கா வாசலில் ஏறினாள். புடவையில் ஒரு பொட்டு மண் படவில்லை. அப்பா தேவையே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு மதகைத் தாண்டினார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் கல்யாணம் என்றாலும் அந்தக் கார்தான், பிரசவத்துக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் எங்கள் சொந்தக்காரர்களின் பெயர்களோடு இறந்துபோன அந்தக் கோவில்பட்டி அம்மாவின் பெயரையும் பெரியம்மா பூசைக்குக் கொடுப்பாள். இது யார், வேதக்காரர் பெயர் மாதிரி இல்லையே என்று புதிதாக வரும் பங்குச் சாமியார்கள் கேட்பார்கள். எங்கள் வண்டிக்காரம்மா என்பாள். அவர்களும் ஏதோ புரிந்தது போல வாசித்துவிடுவார்கள்.

பெரியம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டாம், நம் காரிலேயே கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லியிருந்தாள். அப்படியே செய்தோம். பின் சீட்டில், அக்காவின் மடியில் தலைவைத்து வந்தாள். அப்பா ஓட்டினார். மதகைத் தாண்டும்போது அன்று அடித்ததுபோலவே ஹாரன் அடித்துவிட்டு அழுதார்.

அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு கார் சும்மாவே நின்றது. இப்போது எங்கள் தெருவுக்குள் சிமென்ட் சாலை, செல்போனில் கூப்பிட்டால் கால் டாக்ஸி வாசலுக்கே வருகிறது. பெரியம்மா மறைப்பைப் பிடுங்கிய இடத்தில்தான் எல்லாம் திரும்புகின்றன. அந்த டிரைவர்களுக்கு அது வெறும் காலி இடம். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அவளுக்கும் முன்பாக, முகம் தெரியாமலே ரிவர்ஸில் வருகிறேன் என்று சொன்ன அந்த மனிதர் ஞாபகத்துக்கு வருவார். இருவருக்கும் நான் பட்ட கடன் தீராது.

சென்ற வருஷம் காரை விற்க இணையத்தில் படங்கள் போட்டேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் கூப்பிட்டான். பழைய அம்பாசடர் மேல் ஆசையாம், நேரில் வந்து பார்க்க நேரமில்லையாம். எஃப்.சி., இன்ஷூரன்ஸ், மைலேஜ் என்று வரிசையாகக் கேட்டான். பெரியம்மா கேட்டதை மட்டும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நானே சொன்னேன். இடதுபக்கக் கண்ணாடி இன்னமும் இறங்காது என்பதையும், இரண்டு பேர் கடைசியாக வீடு திரும்பியது இந்தக் காரில்தான் என்பதையும் சொன்னேன். அப்போதுதான் நான் செல்போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

"பரவால்லைங்க்கா, எனக்கு வேணும். ஆனா ஆளு அனுப்பி எடுத்துக்கறதுன்னா கொஞ்சம் கஷ்டம். நீங்களே கொண்டாந்து விடமுடியுமா?" என்றான். அதோடு நிறுத்தாமல், தயங்கித் தயங்கி, "எங்க தெரு மெயின் ரோட்லேர்ந்து தள்ளி உள்ள இருக்குதுங்க. வண்டிங்க உள்ள வர யோசிப்பாங்க. ரோட்டு மேல விட்டாக்கூடப் போதும்" என்றான்.

நான் அவன் ஊரைக் கேட்கவில்லை, தெருவையும் கேட்கவில்லை. "வண்டி திருப்ப எடம் இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டேன். "இல்லன்னா டிரைவரை ரிவர்ஸ்லயே வாசலுக்குக் கொண்டாந்துடச் சொல்றேன்."

"கேட்டுச் சொல்றேங்க்கா" என்றான். மறுநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது போன் வந்தது. பின்னால் மண்வெட்டிச் சத்தமும், நாலைந்து பேர் ஒன்றாகப் பேசுவதும் கேட்டது.

"திரும்பும்க்கா" என்றான்.