மில்லிங் மெஷினில் ஒரு கடைசல்

அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் வீட்டிலும் பட்டறையிலும் அவள் ‘அவசரம்’தான். “எட்டு மாசத்துலயே பொறந்துட்டா. அன்னிக்குப் பிடிச்ச ஓட்டம், இன்னும் நிக்கலை” என்பாள் அவளைப் பெற்றவள். சோறு வேகும்முன் இலை போடுகிற ரகம். ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் அது இறங்கும்வரை பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நிம்மதி கிடையாது.

பட்டறையில் அவளை முதலில் வைத்தது இரும்புச் சீவல் கூட்டி அள்ளத்தான். பிறகு சி.என்.சி. மில்லிங் மெஷினுக்கு மாற்றினார்கள். கீழே மேஜையில் ஒரு வைஸ், அதாவது இடுக்கி. வேலைத்துண்டை அதில் இறுக்க வேண்டும். மேலே சுழல்தண்டில் மாட்டிய வெட்டும் கருவி சுழன்றபடி இறங்கி வெட்டும். எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் திரையில் வரிவரியாக எண்களாக ஓடும். அவளுக்கு வேலை, துண்டை மாட்டுவது, கதவைச் சாத்துவது, பச்சை பட்டனை அமுக்குவது. மற்றவர்கள் பட்டனை அமுக்கிவிட்டு போனைப் பார்ப்பார்கள். அவள் திரையைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, தானே புரோகிராம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டாள்.

முதலாளியும் விட்டார். ஆனால் ஒருமுறை, துண்டைப் பிடிக்கும் கிளாம்ப் கருவியின் வழியில் நிற்பதைப் பார்க்காமல் அவள் பட்டனை அமுக்க, நல்ல விலைக் கருவி ஒன்று படாரென்று உடைந்தது.

“இன்னொரு தடவை எதாவது உடைஞ்சா, எழுதுற வேலையே கிடையாது. திரும்பப் பச்சை பட்டன்தான்” என்றார். திட்டவில்லை. அதனாலேயே அது மனதில் பதிந்துவிட்டது.

பக்கத்து மெஷின் லேத். அதை ஓட்டுபவர் அவளுடைய கணவர். லேத்தில் எல்லாம் எதிர்மாறு. வேலைத்துண்டு சுழலும், கருவி சுழலாமல் பக்கத்திலிருந்து வந்து சீவும். உருண்டையான எதைக் கடைய வேண்டுமானாலும் லேத்துக்குத்தான் போக வேண்டும். “உன் மெஷின் சமையல்காரன், என் மெஷின் குயவன்” என்று அவர் பெருமை பேசுவார். அந்தக் குயவனுக்குத்தான் தாங்கி, அதாவது பேரிங், தேய்ந்து, தலைப்பகுதியையே கழற்றி வெளியே அனுப்பியிருந்தார்கள். அவர் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவசரத்தின் அண்ணி வந்தாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். ஒரு துணியைப் பிரித்து, தேய்ந்த சக்கர அச்சு ஒன்றை நீட்டினாள். தலை தடியாக, உடல் ஒல்லியாக, நுனியில் சக்கரம் கழலாமல் பிடிக்கும் வளையக் கிளிப் உட்காரும் பள்ளத்தோடு இருந்தது.

“குளியல் நாற்காலியோடது. எல்லாம் இப்படித்தான் தேஞ்சு கிடக்கு. நாற்காலி இடது பக்கம் இழுக்குது. ஆளை உக்கார வெச்சுத் தள்ளவே பயமா இருக்கு. எல்லாரையும் படுக்கையிலயே வெச்சுத் துடைச்சிக்கிட்டு இருக்கோம். லாரி ஓட்டினவர் ஒருத்தர் இருக்கார். ‘என்னை என்ன ஓட்டல் மேஜைன்னு நினைச்சியா’ன்னு சண்டைக்கு வர்றார்.”

“லேத் இல்லையே அக்கா” என்றார் கணவர்.

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். “உன் மெஷின்ல ஆகாதா? ஆமா, நீ பட்டன் அமுக்குறவ. உன்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்.”

சொல்லிவிட்டு அச்சை மேஜைமேல் வைத்துப் போய்விட்டாள். அவசரம் அந்த அச்சை எடுத்து விரலிடுக்கில் உருட்டினாள். பிறகு தன் மெஷினின் சுழல்தண்டைப் பார்த்தாள். அது சுழலும். எதை மாட்டினாலும் சுழலும்.

“ஏங்க, கருவி மாட்டுற இடத்துல கம்பியை மாட்டுவோம். கம்பி இருக்கற இடத்துல உங்க லேத் கருவியை நட்டமா இறுக்குவோம். கம்பி சுத்திக்கிட்டே கீழ இறங்கும், கருவி சுத்தாம மேஜையோட மட்டும் நகரும். லேத்தை எடுத்துச் செங்குத்தா நிறுத்தின மாதிரி.”

“வண்டியில குதிரையை உக்கார வெச்சு, வண்டிக்காரனை இழுக்கச் சொல்ற.”

“இழுத்தா வண்டி போகுமா போகாதா? அதைச் சொல்லுங்க.”

அவர் யோசித்தார். யோசித்ததுமே அவருக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்டூலை விட்டு எழுந்தார்.

முதலாளி கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். “செய். ஆனா நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.”

அதற்குமேல் அவளை யார் பிடிப்பது? இருபது மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத கம்பியைச் சுழல்தண்டில் மாட்டினாள். கடையும் கருவியையும் பள்ளம் போடும் கருவியையும் வைஸில் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கினாள். கம்பியில் மார்க்கரால் கோடு போட்டு, கையால் சுற்றி, எந்தப் பக்கம் சுழன்றால் கருவியின் கூர்முனைமேல் வந்து விழும் என்று பார்த்துக்கொண்டாள். தவறான பக்கம் சுழன்றால் முனை பொடியாகிவிடும். அதற்குள் கணவர் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, தன் லேத் பழக்கத்தில் எண்களை எழுதி முடித்திருந்தார். அவள் அப்படியே மெஷினில் ஏற்றினாள்.

கருவி முனையைக் கம்பியின் விளிம்பில் மெல்லத் தொட வைத்தாள். இப்போது முனை எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும்.

“இருபதுன்னு போடு” என்றார் அவர்.

“இருபது எப்படி? நடுவுலேர்ந்து விளிம்புக்குப் பத்துதானே?”

“எத்தனை வருஷமா கடையறேன், எனக்குத் தெரியாதா? இருபது.”

“இது என் மெஷின்.”

“உங்க பஞ்சாயத்தை வீட்டுல வெச்சுக்குங்க” என்றார் முதலாளி. அவள் பத்து என்றே போட்டாள். கதவைச் சாத்தினாள். வேகத்தைக் குறைத்து, ஒரு கட்டைவிரலைச் சிவப்பு பட்டன்மேல் வைத்துக்கொண்டு, பச்சையை அமுக்கினாள்.

கம்பி சுழன்றது. இறங்கியது, ஏறியது. மேஜை நகர்ந்ததும் மறுபடி இறங்கியது. வெட்டும் சத்தம் மட்டும் வரவில்லை. கடையும் கருவி முடித்து, பள்ளக் கருவியும் முடித்தது. மெஷின் நின்றது. கதவைத் திறந்தால், கம்பி போட்டபடி பளபளவென்று இருந்தது.

“வழவழன்னு வந்திருக்கே” என்றார் வெல்டர்.

“காத்தைக் கடைஞ்சிருக்கா. காத்து ரொம்ப நைஸா வந்திருக்கு” என்றார் இன்னொருவர். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

அவசரத்துக்குக் காது கேட்கவில்லை. கருவியை, அது கடைசியாகச் சீவியிருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திக் குனிந்து பார்த்தாள். முனைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி. இரண்டு மில்லி இருக்கும். அட்டையைப் பார்த்தாள். பன்னிரண்டு என்று இருந்தது.

“ஏங்க, இந்தப் பன்னெண்டு எதோட பன்னெண்டு?”

“அச்சோட கனம். வேற எது?”

“முழுக் கனமா?”

“லேத்துல முழுக் கனத்தைத்தான் சொல்லுவோம். பாதியாக்கி நகர்றதை அதுவே பார்த்துக்கும்.”

“என்னோடது பார்த்துக்காது. பன்னெண்டுன்னா நடுவுலேர்ந்து பன்னெண்டு தள்ளி நிக்கும். கம்பியே நடுவுலேர்ந்து பத்துதான். எங்க படும்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் ஒரே கூரையின்கீழ், பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். இதைப் பேசிக்கொண்டதே இல்லை.

“அப்ப நீங்க சொன்ன மாதிரி இருபதுன்னு போட்டிருந்தா?”

அவர் அட்டை ஓரத்தில் கணக்குப் போட்டார். இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தால் கருவி எட்டு மில்லி உள்ளே போயிருக்கும். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு. மிச்சம் நான்கு.

“பல்லுக்குச்சி” என்றார். “அதுக்கு முன்னாடியே முனை தெறிச்சிருக்கும்.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கலை.”

“எப்ப கேட்டிருக்கேன்?”

உடனே மெஷினில் எண்களைத் திருத்த ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் பாதியாக்கு. பன்னிரண்டு ஆறானது. பள்ளத்தின் அளவும் பாதியானது. அதே வேகத்தில் நீளத்துக்கும் விரல் போனது.

“ஏய், நீளத்தைத் தொடாதே. நாற்காலிக்குப் பாதிச் சக்கரமா இருக்கு?”

விரலை எடுத்தாள். ஒரு மூச்சு விட்டாள். “நீங்க படிங்க. நான் பார்க்கறேன்.” அவர் அட்டையிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவள் திரையில் விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி வரிவரை குறுக்கே வாய்திறக்கவில்லை. அவளை அப்படிப் பார்த்தவர்கள் அந்தப் பட்டறையில் இல்லை.

பச்சை.

கம்பி இறங்கியது. சர்ரென்று ஒரு சத்தம். அவருக்கு அது லேத்தில் பழகிய சத்தம், அவளுக்குத் தன் மெஷினில் புதுச் சத்தம். சீவல் சுருள்சுருளாக வழிந்து வைஸ்மேல் விழுந்தது. கம்பி படிப்படியாக ஒல்லியானது. பள்ளக் கருவி உள்ளே போய், மெல்ல வெளியே வந்தது.

கணவர் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்தார். “ஒரு மயிரிழை கூடுதலா இருக்கு.” அந்த மயிரிழையையும் பாதியாக்கித்தான் அவள் மெஷினுக்குச் சொன்னாள். அடுத்து வந்தது கச்சிதம். வளையக் கிளிப்பைப் பள்ளத்தில் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

முதலாளி அச்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெல்டரைக் கூப்பிட்டார். “மிச்ச அச்சுக்கு நீ வந்து பட்டன் அமுக்கு. லேத் இல்லாம நிக்குதே உருளை வேலை, அதுக்கு இவ எழுதட்டும். லேத் வரவரைக்கும் அதையும் இதுலயே ஓட்டலாம்.”

சாயங்காலம் அவளே அச்சுகளை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். குளியலறை வாசலில் முழங்காலிட்டு நாற்காலியைக் கவிழ்த்து, சக்கரங்களை மாட்டி, கிளிப்பை அழுத்தினாள். லாரி ஓட்டியவரை அண்ணி உட்கார வைத்தாள். கால்களைப் பலகைமேல் எடுத்து வைத்து, துண்டைத் தோளில் போட்டுத் தள்ளினாள். ஈரத்தரையில் நாற்காலி அசங்காமல் போனது.

“இப்ப இழுக்கலையே. நேராப் போகுது” என்றார் அவர். “யார் சரி பண்ணது?”

“என் நாத்தனார்” என்றாள் அண்ணி. “மெஷினுக்குப் புரோகிராம் எழுதுறா.”

நாத்தனார் அதைக் கேட்க அங்கே இல்லை. அடுத்த நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.