இன்ஜின் இருமியபோது

மார்ச் பதினொன்று, மாலை ஆறு மணி. அக்கா, தான் மணக்கப் போகிறவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்றதும் மீசையும் மிடுக்குமாக ஒருவரைத் தம்பி எதிர்பார்த்திருந்தான். வந்தவரோ செருப்பை நேராக வைத்துவிட்டு, நாற்காலி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்த பிறகே உட்கார்ந்தார். அன்று முதல் அவர் அவனுக்கு அத்தான்.

பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் 'கைகட்டிச் சாமியார்' என்று பட்டப்பெயர். மாணவர் தடுமாறினாலும் பதறிப்போய்க் கட்டுப்பாட்டைப் பிடுங்க மாட்டார். தன் தப்பைத் தானே திருத்தினால்தான் தொழில் கைக்கு வரும் என்பது அவர் கட்சி. அக்காவின் நச்சரிப்பில் தம்பியும் அவரிடம் மாணவனானான்.

கார்புரேட்டர் பாடத்தை அவர் சலிக்காமல் நடத்துவார். வெளியே குளிரே இல்லாத நாளிலும், காற்றில் ஈரமிருந்தால், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில், அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிந்து இன்ஜினுக்கு மூச்சுமுட்டும். விமானி முன்னால் உள்ள குமிழை இழுத்தால் சுடுகாற்று போய்க் கட்டியை உருக்கும். ஆனால் அந்த நீர் இன்ஜினுக்குள் போகும் சில நொடிகள் சத்தம் முன்னைவிட மோசமாகும்.

"இருமும். இருமட்டும், விடு. குமிழைத் தொடாதே" என்பார்.

மழை விட்ட ஒரு காலையில், தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தபோது, இன்ஜின் வேகம் குறைந்தது. பாடப்படியே தம்பி குமிழை இழுத்தான். இன்ஜின் குலுங்கி இருமியது. அத்தான் வானொலியில் பேசியபடி, எதற்கும் இருக்கட்டும் என்று இறங்க ஒரு வயலைத் தேடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்ததால்தான் கெட்டது என்று நினைத்துத் தம்பி குமிழை உள்ளே தள்ளிவிட்டான். சற்றைக்கெல்லாம் இன்ஜின் நின்றது.

அத்தான் கட்டுப்பாட்டை வாங்கி வயலில் இறக்கினார். வரப்பில் சக்கரம் சிக்கி விமானத்தின் மூக்கு மண்ணில் குத்தியது. தம்பிக்கு வெறும் சிராய்ப்பு. அவருக்கு வலது மணிக்கட்டு நொறுங்கியது.

குமிழ் உள்ளே கிடந்ததே, ஏன் என்று விசாரணையில் கேட்டார்கள். தம்பி பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அத்தான் சொன்னார்: "சூடு போடச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடது."

தம்பி மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கற்றுக்கொடுக்கும் உரிமம் பறிபோய், அத்தான் ஒரு உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதன்பின் வீட்டைப் பூட்டும்போதெல்லாம் அக்காவுக்கு அவரைச் சீண்டுவதே வழக்கமாயிற்று. "அடுப்பை அணைச்சீங்களா? நீங்கதான் இன்ஜினுக்கே சூடு போட மறக்கிற ஆளாச்சே." அவர் சிரிப்பார். தம்பி குனிந்து செருப்பைத் தேடுவான்.

ஒருநாள் அக்கா சாவி எடுக்க உள்ளே போயிருந்தாள். "அத்தான், அன்னிக்கு நான்..." என்று தம்பி இழுத்தான்.

"இருமினதும் பயந்துட்டே. நீ குமிழைத் தள்ளினதும் பாதி இருமல்ல நின்னுச்சே, எனக்குக் கேட்காதா, மச்சான்? உன் கையை நான் பாத்துக்கிட்டிருந்திருக்கணும்."

அக்கா திரும்பி வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

அத்தான் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும்.

"அத்தான் மறதியைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றான் தம்பி. அக்காவோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தான். அத்தான் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

அவர் காலமான பிறகும் அக்கா அடுப்பருகே அதே கேலியைச் சொல்லி, பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவளிடம் தம்பி சொல்லக் கடன்பட்டது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல் என்று அத்தான் கடைசிவரை கேட்கவில்லை.