இரண்டு ஓ

தேஜான் நகராட்சியின் பாஸ்போர்ட் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் தோ கியோங்-நான். ஓய்வுக்குப் பிறகு, இணையக் கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலப் பக்கங்களில் கொரியர்களின் பெயர்களைச் சீர்செய்வதே அவளுக்குக் காலை வேலை. பொதுவாகக் கொரிய அரசு வகுத்த ஆங்கில எழுத்து முறைப்படி எழுத வேண்டும். ஒருவர் தம் பெயரை வேறு விதமாக எழுதினார் என்பதற்கு அச்சில் ஆதாரம் இருந்தால் அதற்கே முதலிடம்.

கணவர் குக் சாங்-முன் டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர். குக் என்பதை ஆங்கிலத்தில் கே எழுத்தில் தொடங்கி, நடுவில் இரண்டு ஓ போட்டுத்தான் மட்டைகளில் கையெழுத்திடுவார். கலைக்களஞ்சியத்தில் அவர் பக்கத்தை அரசு முறைக்கு, ஜி எழுத்துக்கு, மாற்றியவள் அவளேதான்.

"என் ரெண்டு ஓவையும் எங்க கொண்டுபோய் வச்சே?" என்றார் அவர்.

"ஆதாரம் கொண்டாங்க, திருப்பித் தரேன்."

"நானே உக்காந்திருக்கேனே."

"நீங்க அச்சாகலையே."

வசந்தத்தில் அவர் இறந்தார். பக்கத்தில் யாரோ தேதியைச் சேர்த்தார்கள். பெயர் ஜி-யிலேயே இருந்தது. அதை அவர் எழுதியபடி ஆக்கிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் உறவினர் கை வைக்கக் கூடாது என்று அதற்குள் விதி வந்திருந்தது. பாஸ்போர்ட், வெளியிடப்பட்ட ஆதாரம் ஆகாது. வீட்டிலிருந்த சான்றிதழ்கள் எல்லாம் கொரிய எழுத்தில் இருந்தன. மற்றத் தொகுப்பாளர்கள் பார்க்கும்படி, அந்தப் பக்கத்தின் உரையாடல் பகுதியில் எழுதினாள்: "நான் இவர் மனைவி. அதனால் தொடமாட்டேன். அவர் கே என்றுதான் எழுதினார். அச்சில் ஆதாரம் என்னிடம் இல்லை."

அந்த மாதத்தின் ஒரு சனிக்கிழமை, தொகுப்பாளர்கள் கூடும் கல்குக்சு நூடுல்ஸ் கடையில் பி ஜே-உங் எதிரே உட்கார்ந்தான். பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவன். ஐந்து வருடமாக அவளோடு மல்லுக்கு நிற்பவன்.

"ஆதாரமில்லாம கேக்கறீங்களா அக்கா? நீங்களா?"

"கேக்கல. எழுதி வச்சேன்."

"ஒரு ஓவியர் பேருக்கு ஆதாரம் கேட்டு என்னை மூணு மாசம் அலையவிட்டீங்க."

"நாலு மாசம்."

அவன் கிம்ச்சித் தட்டை அவள் பக்கம் தள்ளினான். "வெளிநாடு எங்கெல்லாம் போனாரு?"

"தொண்ணூத்திரண்டுல ஈப்போ. பசங்க அணியைக் கூட்டிட்டுப் போனாரு."

மூன்று வாரம் கழித்து, ஜே-உங் எழுதிக் கேட்டதற்கு, ஈப்போவின் ஒரு நூலகத்திலிருந்து அந்த வருடப் போட்டி மலரின் நகல் வந்தது. பயிற்சியாளர்கள் பட்டியலில் கே, இரண்டு ஓ. பக்கத்தை ஜே-உங்கே மாற்றிவிட்டு அவளை அழைத்தான்.

"பாத்தீங்களா அக்கா?"

"அடிக்குறிப்புல ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

"அதைத்தான் பாப்பீங்கன்னு தெரியும். போட்டுடுங்க."

"நீயே போடு. நான் தொடக்கூடாது."

போனை வைத்துவிட்டு, ஈப்போ நூலகருக்கு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பட்டியலில் இரண்டு ஓ போட்ட பெயர் என் கணவருடையது என்று எழுதினாள். மலரில் அணியின் படம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டாள்.